தனித்தனியே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு: மேல்கோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

மைசூரு, மாண்டியா வட்டாரத்துச் செவிலியர் கல்லூரிகளிலும் எல்லைக்கு அப்பால் தமிழகக் கல்லூரிகளிலும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளைக் கற்பிப்போருக்கும், கற்பிக்க ஆயத்தமாகிவரும் செவிலிய ஆசிரியர்களுக்கும் இம்மடல்.

செவிலியக் கல்வியின் மிகக் கடினமான பாடம் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதை எப்படிக் கற்பிப்பது என்று ஒருவரோடொருவர் கலந்துபேசுவதற்கான இடமோ இன்னும் போதுமான அளவில் உருவாகவில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர், பதிவுபெற்ற செவிலியராகச் சில காலம் பணியாற்றியபின் மேற்படிப்பும் நீண்ட மருத்துவமனைப் பயிற்சியும் பெற்று, நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து, நோய்க்குறிகளைச் சீர்தூக்கி, வகுத்துத் தரப்பட்ட எல்லைக்குள் சிகிச்சையைத் தொடங்கவும் மாற்றவும் பொறுப்பேற்கும் செவிலியர் ஆவார். மருத்துவரின் உத்தரவைப் பிழையின்றி நிறைவேற்றுவதையே திறமையின் உச்சமாகக் கொண்டு பயின்ற ஒருவரை, தாமே முடிவெடுத்து அந்த முடிவுக்குக் காரணம் சொல்லக்கூடியவராக ஆக்குவதுதான் உங்கள் பணி. பாடநூலை மாற்றுவதால் மட்டும் இந்த மாற்றம் நிகழாது. கற்பிக்கும் முறையும், தேர்வு நடத்தும் முறையும், ஆசிரியர் நோயாளியின் அருகில் நிற்கும் நேரமும் சேர்ந்து மாற வேண்டும். இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒவ்வொரு கல்லூரியிலும் ஓரிருவர், பக்கத்துக் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று அறியாமலேயே சுமந்து வருகிறீர்கள் என்பதுதான் இம்மடல் எழுதப்படுவதன் காரணம்.

உங்களில் மிகப் பலர் அறுவை-மருத்துவச் செவிலியம், சமுதாய நலச் செவிலியம், குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு என்ற பழைய பிரிவுகளில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். நர்ஸ் பிராக்டிஷனராக ஒருநாளும் பணியாற்றும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் அப்பணியைக் கற்பிக்க வேண்டியவர்கள் நீங்களே. நுரையீரல் ஒலியைக் கேட்டு வேறுபடுத்தவும், இதய மின்வரைபடத்தைப் படிக்கவும், இரத்த வாயுப் பரிசோதனையின் எண்களிலிருந்து முடிவுக்கு வரவும் மாணவரைப் பழக்க வேண்டிய நீங்கள், கல்லூரி வேலைநேரத்தின் பெரும்பகுதியை வருகைப் பதிவேட்டிலும் ஆய்வுக் குழுவுக்கான கோப்புகளிலும் செலவிட நேர்கிறது. மாணவர் ஒருவர் வார்டில் செய்தவற்றைக் குறித்துவைக்கும் செயல்முறைப் பதிவேடு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு விதமாக அமைந்திருப்பதால், ஓரிடத்தில் தேர்ச்சி பெற்றவரின் தகுதி இன்னோரிடத்தில் என்ன பொருள் பெறும் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. இந்தக் குறைகளுக்கு உங்கள் மீது பழி சுமத்துவது அநீதி. அதே வேளையில், இவற்றைத் தீர்க்கும் வழியின் முதற்படி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

இப்பணி பிறந்த நாட்டின் வரலாறு இங்கே உதவும். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பொதுநலச் செவிலியரான லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் இணைந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர்கள் எட்டாத கிராமப்புறக் குழந்தைகளைச் செவிலியர் தாமே பரிசோதித்துப் பேணுவதே அதன் நோக்கமாக இருந்தது. படிப்புகள் பல இடங்களில் வேகமாகப் பெருகியபோது, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு கற்பிக்கும் நிலை அங்கும் ஏற்பட்டது. அதைக் கண்டு கவலையுற்ற ஆசிரியர்கள் 1970களின் நடுப்பகுதியில் பாடத்திட்ட நெறிகளை வகுக்கத் தாமாகவே கூடத் தொடங்கி, 1980இல் நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களுக்கென்றே ஒரு தேசிய அமைப்பை முறைப்படி நிறுவினர். அரசாணையோ பல்கலைக்கழகச் சுற்றறிக்கையோ அவர்களைக் கூட்டவில்லை. வகுப்பறையில் எதிர்ப்பட்ட இடர்களே கூட்டின. அந்த அமைப்பினுள் இன்று இயங்கும் சிறப்பு ஆர்வக் குழுக்கள் என்பவை, ஒரே துறையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிறு வட்டமாகச் சேர்ந்து, தங்கள் பாடத்துக்குரிய சிக்கல்களை மட்டும் எடுத்து ஆராயும் ஏற்பாடாகும். தீவிர சிகிச்சையைக் கற்பிப்பவரின் தேவையும் முதியோர் நலத்தைக் கற்பிப்பவரின் தேவையும் ஒன்றல்ல. பெரிய மாநாட்டின் பொதுமேடையில் இரண்டுமே மேலெழுந்தவாரியாகப் பேசப்பட்டுவிடும் என்பதால்தான் இத்தகைய சிறு குழுக்கள் தேவைப்பட்டன.

இந்தியாவில் இதற்கான வித்துகள் ஏற்கெனவே ஊன்றப்பட்டிருக்கின்றன. இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, மாணவரின் பெரும்பாலான நேரத்தை நோயாளியின் படுக்கையருகில் கழிக்கச் செய்யும் ஈராண்டு முதுநிலைப் படிப்பாகும். பேறுகாலச் செவிலியத்துக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, மத்திய சுகாதார அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி 18 மாதங்களுக்கு உரியது. அதற்கு முன்னரே, 2017இல், தெலங்கானா அரசு ஐதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையுடனும் யுனிசெஃப் அமைப்புடனும் சேர்ந்து இதே வகைப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. 2018ஆம் ஆண்டின் நெறிகளில் உங்கள் கவனத்துக்கு உரிய ஒரு கூறு உண்டு. கர்ப்பிணிகளைப் பேணும் செவிலியரை உருவாக்குமுன் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்று கருதி, ஆசிரியர்களுக்கென ஆறு மாதத் தனிப்பயிற்சியை அந்நெறிகள் ஏற்படுத்தின. ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பயிற்சி முடிந்து தத்தம் கல்லூரிக்குத் திரும்பியவர்கள் மறுபடி தனிமையில் விடப்படுவது எவ்விதத்திலும் பொருத்தமாகாது.

இம்மடல் மேல்கோட்டையிலிருந்து எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மாண்டியா மாவட்டத்துப் பாண்டவபுரா வட்டத்தில் அமைந்த இம்மலையூர், தமிழருக்குத் திருநாராயணபுரம் என்ற பெயரால் நன்கு அறிமுகமானது. வைணவ ஆசாரியர் இராமாநுசர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியதாக மரபு சொல்லும் தலம். இன்றும் வீட்டுக்குள் தமிழும் வீதியில் கன்னடமும் பேசும் குடும்பங்கள் வாழும் ஊர். பங்குனி உற்சவத்தில் வைரமுடி சேவை நடைபெறும்போது மாண்டியா அரசுக் கருவூலத்திலிருந்து மணிமுடி காவலுடன் மலையேறுகிறது. அதைக் காணப் பெருந்திரளான மக்கள் இரவு முழுவதும் தெருக்களில் நிற்கிறார்கள். ஆண்டின் பிற நாட்களில் ஊர் மிகச் சிறியது. மாவட்டப் பெரிய மருத்துவமனை மாண்டியாவிலும், செலுவாம்பா, கிருஷ்ணராஜேந்திரா முதலிய பெரிய அரசு மருத்துவமனைகள் மைசூரிலும் இருக்க, அன்றாட நோய்க்கும் திடீர் ஆபத்துக்கும் முதலில் முகங்கொடுப்பது இங்குள்ள செவிலியரே. ஒருபுறம் சுற்றுவட்டக் கிராமங்களின் நீண்டகால நோய்கள், மறுபுறம் ஒரே இரவில் வந்து குவியும் வெளியூர்க் கூட்டம் என இரண்டையும் ஒருங்கே காட்டும் இத்தகைய ஊர், நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கு எந்தச் செயற்கைப் பயிற்சிக்கூடமும் தர இயலாத களமாகும்.

ஒரு நேர்வை எண்ணிப் பாருங்கள். யோக நரசிம்மர் மலைக்குப் படியேறும் எழுபது வயது மூதாட்டி ஒருவர், தரிசனம் முடியும்வரை உண்பதில்லை என்ற உறுதியுடன், ஆனால் காலைச் சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவிட்டுப் புறப்படுகிறார். பாதி வழியில் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சுக் குழறுகிறது, கை நடுங்குகிறது. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 52 மில்லிகிராம் என்று கருவி காட்டுகிறது. 70க்குக் கீழே சென்றாலே அது தாழ்சர்க்கரை நிலை. அவர் விழுங்கும் நிலையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, எண் ஏறியபின் உணவு தருவதை எந்தச் செவிலிய மாணவரும் மனப்பாடமாகச் சொல்வார். நர்ஸ் பிராக்டிஷனரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விழுங்கிய மாத்திரை எது என்று அவர் கேட்டாக வேண்டும். அது கிளிபென்கிளமைடு போல நெடுநேரம் வேலைசெய்யும் மருந்தாக இருந்து, முதுமையால் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி வீழக்கூடும் என்பதால், 'சரியாகிவிட்டது, போய்வாருங்கள்' என்று அனுப்புவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதே வியர்வையும் தளர்ச்சியும் மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு என்பதால் இதய மின்வரைபடம் எடுக்கவும் தோன்ற வேண்டும். உடன் வந்த உறவினரோ அடிவாரத்தில் பேருந்து புறப்படப் போகிறது என்று அவசரப்படுத்துகிறார். அந்த அவசரத்தை மதித்தும், அதற்குப் பணியாமலும் பேசத் தெரிந்திருப்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

இந்த ஒரு நேர்விலிருந்து எத்தனை கேள்விகளை எழுப்பலாம், மாணவரின் எந்த விடையை முழுத் தேர்ச்சி என்று கொள்ளலாம், எதை ஆபத்தான பிழை என்று குறிக்கலாம் என்பதை ஓர் ஆசிரியர் தனியாக அமர்ந்து வகுத்தால் அது அவருடைய கருத்தாக மட்டுமே நிற்கும். ஐந்து கல்லூரிகளைச் சேர்ந்த ஆறேழு ஆசிரியர்கள் கூடி, மாணவர் தேர்வில் எடுத்த முடிவுகளைப் பெயர் நீக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஏன் இந்த மதிப்பெண் என்று விவாதித்து முடித்தால், அது ஒரு வட்டாரத்தின் அளவுகோலாகிவிடும். அந்த விவாதத்தில் ஆசிரியரே கற்றுக்கொள்வது எந்தக் கருத்தரங்கின் அரைநாள் உரையிலும் கிடைக்காது. உங்களில் மிகச் சிறந்தவர்கள் இத்தகைய நேர்வுகளைப் பல்லாண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறீர்கள். அவை எங்கும் எழுதி வைக்கப்படாமல், நீங்கள் ஓய்வுபெறும் நாளில் உங்களோடு கல்லூரியை விட்டு வெளியேறிவிடுகின்றன. அடுத்து வரும் இளம் ஆசிரியர் வெறுங்கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். வேறெந்தக் குறையையும் விட வருந்தத்தக்கது இந்த இழப்பே.

கற்பித்தலும் பணிசெய்தலும் வெவ்வேறு இடங்களில் பிரிந்துகிடப்பது இன்னொரு குறை. கல்லூரி ஆசிரியருக்கு மருத்துவமனையில் நோயாளிப் பொறுப்பு இல்லாமலும், வார்டின் மூத்த செவிலியருக்குக் கற்பிக்கும் நேரமோ மதிப்பூதியமோ இல்லாமலும் இருப்பதால், மாணவரை அருகிலிருந்து பழக்கும் பிரிசெப்டர், அதாவது நோயாளியின் பக்கத்தில் நின்று மாணவரின் முடிவுகளை உடனுக்குடன் திருத்தும் வழிகாட்டி, பல இடங்களில் பெயரளவிலேயே இருக்கிறார். தமிழ்நாட்டின் வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்குச் சான்று உண்டு. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை எனும் மருத்துவமனையையும் சேர்த்தே குறிப்பிட்டு, மருத்துவரோடு அறுவை செய்வோருக்கும், மூலிகை கொணர்வோருக்கும், நோயாளிகளைப் பேணும் பெண்களுக்கும் ஊதியம் வகுக்கிறது. நம் காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1946இல் நாட்டின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகளில் ஒன்றைத் தொடங்கிய நிறுவனம், செவிலியக் கல்வியையும் செவிலியப் பணியையும் ஒன்றோடொன்று இணைத்து நடத்துவதற்குப் பெயர்பெற்றது. எல்லாக் கல்லூரிகளுக்கும் வேலூரின் வசதி வாய்க்காது. ஆனால் நல்ல பிரிசெப்டர் ஒருவரைப் பக்கத்துக் கல்லூரி மாணவருக்கும் சேர்த்துப் பகிர்ந்துகொள்ள வசதியை விட உறவே அதிகம் தேவைப்படுகிறது. அந்த உறவை ஆசிரியர்களின் சிறு குழுதான் உண்டாக்கும்.

ஏற்கெனவே சங்கங்கள் இருக்கும்போது மேலும் ஒன்று எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். 1908இல் தோன்றிய இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் செவிலியர் அனைவரின் ஊதியத்துக்கும் பாதுகாப்புக்கும் மதிப்புக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குரல்கொடுத்து வருகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து இந்தியப் பேறுகாலச் செவிலியர் சங்கமும் இயங்குகிறது. அவற்றின் வேலையைப் பறிப்பது இங்கே கோரப்படும் குழுவின் நோக்கமன்று. அச்சங்கங்களின் உறுப்பினராக இருந்துகொண்டே, பாடம் நடத்தும் கலையை மட்டும் எடுத்துப் பேசும் சிறு வட்டம் ஒன்றே கோரப்படுகிறது. மருத்துவர்கள் எதிர்ப்பார்கள் என்ற அச்சமும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மகப்பேற்று வார்டிலும் மாணவரோடு அன்றாடம் பணிசெய்யும் மருத்துவர்களை அக்குழுவின் அமர்வுகளுக்கு அழைத்து, மாணவர் எங்கே நின்று அவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே வரையறுக்கச் செய்வது அந்த அச்சத்தைப் போக்கும் நேர்வழி. கல்லூரிகளுக்கிடையே மாணவர் சேர்க்கைப் போட்டி இருப்பதும் உண்மைதான். செவிலியர் கல்லூரிகள் மிகுந்த கர்நாடகத்தில் அது எளிதில் ஓயப் போவதில்லை. எனினும் போட்டி நிர்வாகத்துக்கு உரியது. மாணவர் ஒருவர் தாழ்சர்க்கரையைத் தவறவிடாமல் இருப்பது எல்லா ஆசிரியருக்கும் பொதுவான கவலை.

காலமும் இப்போது காத்திருக்கச் சொல்லவில்லை. 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்தின் இடத்தில் 2023 ஆகஸ்டில் தேசியச் செவிலிய, பேறுகாலச் செவிலிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. படிப்புகளின் தரம், மதிப்பீடு, பதிவு ஆகியவற்றுக்கான விதிகள் இனி அதன்கீழ் எழுதப்பட வேண்டியவை. நர்ஸ் பிராக்டிஷனருக்கு எவ்வளவு அதிகாரம், எந்த மருந்துகளை அவர் தாமே தரலாம், படித்து முடித்தவருக்கு அரசு மருத்துவமனைகளில் தனிப் பணியிடம் உண்டா என்ற கேள்விகள் இன்னும் தெளிவான விடை பெறாததால், திறமையான பட்டதாரிகள் பழைய செவிலியர் பணியிடத்துக்கே திரும்புகிறார்கள் அல்லது வெளிநாட்டுக்குச் செல்கிறார்கள். விதிகள் எழுதப்படும்போது, 'எங்கள் மாணவர் இன்னின்ன திறன்களைப் பெற்றிருக்கிறார்கள், அவற்றை இன்னின்னவாறு அளந்திருக்கிறோம்' என்று சான்றுடன் பேச ஓர் ஆசிரியர் குழுவால் முடியும். தனி ஆசிரியரின் கடிதம் ஒரு கோப்பில் சேர்ந்து தங்கிவிடும்.

இதே காலத்தில் கிராமத்துத் துணை மையங்களிலும் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. சமவெளியில் 5000 பேருக்கும் மலைப்பகுதியில் 3000 பேருக்கும் ஒன்று என அமைந்த துணை சுகாதார மையங்கள் 2018 முதல் நலவாழ்வு மையங்களாக உயர்த்தப்பட்டு, அவற்றில் செவிலியப் பட்டம் பெற்றோர் பலர் சமுதாய நல அலுவலராகப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்கும் அவர்களுடைய வேலை, ஆரம்ப சுகாதார நர்ஸ் பிராக்டிஷனரின் வேலைக்கு மிக நெருங்கியது. தீவிர சிகிச்சைக்கும் பேறுகாலத்துக்கும் குழு அமைக்கும்போது இவர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களை மறந்துவிடாதீர்கள். மேல்கோட்டை போன்ற ஊர்களுக்கு மிக அதிகம் தேவைப்படுவது அந்த மூன்றாவது குழுவே என்பது இம்மடலின் உறுதியான கருத்து.

கற்பிப்போர் சேர்ந்து இயங்குவது இவ்வூரின் மரபுக்குப் புதிதன்று. இராமாநுசர் தமக்குப் பின் சம்பிரதாயத்தைப் பரப்ப 74 ஆசாரியர்களை நியமித்தார் என்பது வைணவ மரபு. அவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும் ஒரே நூல்களைக் கற்பித்தார்கள். கற்பிப்போர் பலர் ஒரே பாடத்தைப் பகிர்ந்துகொண்டால் கற்பிக்கப்பட்டது நிலைக்கும் என்பதை மேல்கோட்டையின் கோயிலிலும் மடங்களிலும் இன்றும் காணலாம்.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது. வரும் தை மாதத்துக்குள், மைசூரு, மாண்டியா வட்டாரத்து ஆசிரியர்கள் மேல்கோட்டையில் ஒருநாள் கூடுங்கள். சத்திரங்களுக்கு இவ்வூரில் குறைவில்லை. ஓசூர், சேலம், ஈரோடு, கோவைப் பகுதிகளிலிருந்து தமிழக ஆசிரியர்களும் வந்து சேரலாம். வைரமுடிக்கு வரும் தமிழ் நோயாளிகளின் மொழியையும் வழக்கங்களையும் அவர்களே நன்கு அறிவார்கள். 'நெஞ்சு கரிக்கிறது' என்று சொல்லும் முதியவரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதைக் கன்னட மாணவருக்கு அவர்களால்தான் சொல்லித்தர முடியும். அன்று பதவிகளைப் பங்கிடவோ சட்டதிட்டங்களை இயற்றவோ வேண்டாம். தீவிர சிகிச்சை, பேறுகாலம், ஆரம்ப சுகாதாரம் என்று மூன்று வட்டமாக அமர்ந்து, ஒவ்வொரு வட்டமும் தனது மாணவருக்கான ஒரே ஒரு பொது மதிப்பீட்டுப் படிவத்தை எழுதி முடித்து எழுந்திருங்கள். அதை எல்லோரும் தத்தம் கல்லூரியில் ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்தபின் மறுபடி கூடித் திருத்துங்கள். சுகாதாரத் துறையின் இசைவோடு வைரமுடி நாளில் உங்கள் மூத்த மாணவர்களைப் பிரிசெப்டர்களுடன் முகாம்களில் பணிசெய்ய வையுங்கள். திருவிழா முடிந்த வாரத்தில் அவர்கள் கண்ட நோயாளிகளின் குறிப்புகளை, பெயரும் ஊரும் நீக்கி, மூன்று வட்டங்களும் சேர்ந்து ஆராயுங்கள். அந்தக் குறிப்புகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதித் தொகுத்தால், அடுத்த தலைமுறை ஆசிரியர் வெறுங்கையோடு வகுப்பறைக்குள் நுழைய வேண்டியிராது.

கல்லூரி முதல்வர்களாக இருப்பவர்களே, அந்த ஒருநாளை உங்கள் ஆசிரியர்களுக்குப் பணிநாளாகவே கணக்கிட்டு அனுப்புங்கள். ஆசிரியர்களே, அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திராமல், உங்கள் பாடத்தைக் கற்பிக்கும் வேறு கல்லூரி ஆசிரியர்கள் இருவருக்கு இந்த வாரமே எழுதி, அவர்களுடைய மதிப்பீட்டுப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்களுடையதையும் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.